காற்றுக்கு வகிடு

போலந்திலிருந்து வந்த பெட்டியில்
ஒரு கறுப்புப் பலகை, இரண்டு தாங்கு கம்பிகள்.
பதினான்கு போல்ட் என்று எழுதியிருந்தது,
எண்ணிப் பார்த்தால் பதினொன்று.
விளக்கத் தாளில் ஒரு சொல் கிடையாது.
முகம் வரையப்படாத ஒருவன்
படத்துக்குப் படம்
சிரமமே இல்லாமல் முடுக்கிக்கொண்டு போகிறான்.

மோஸ்ட் நகரம். அக்டோபரின் கடைசிச் சனி.
ஒரே அச்சில் வார்த்த நாற்பது கார் கொட்டகைகளில்
எங்களுடையது இருபத்தேழு.
உள்ளே நிற்கும் மஞ்சள் மாஸ்தா
பாதி என்னுடையது, பாதி ராத்காவுடையது.
சுரங்கப் பட்டறையில் ஒரே ஷிப்டு எங்களுக்கு.
எந்தப் பாதி யாருக்கு என்று
மூன்று வருடமாக ஒரு பேச்சும் எழுந்ததில்லை.
இன்று எழுந்தது:
முதல் துளையை யார் போடுவது?

கல் தெறித்த தழும்புகள் உண்டு அந்த பம்பரில்.
தெரிந்தே யாரும் செய்த காயம் ஒன்றும் இல்லை.
ட்ரில்லைக் கையில் வைத்துக்கொண்டு
தேநீர் குடிக்கலாமா என்று கேட்டேன்.
குடித்தோம்.
பிறகு இன்னொரு முறை அளந்தோம்.

நிலக்கரிக்காகப் பழைய ஊரையே இடித்துவிட்டு
தேவாலயத்தை மட்டும் தண்டவாளத்தில் ஏற்றி
நிமிடத்துக்கு இரண்டு சென்டிமீட்டராக
நகர்த்திக்கொண்டு போனவர்களின் ஊர் இது.
எங்களுக்கோ நான்கு மில்லிமீட்டர்
இடப்பக்கம் இறங்கி நிற்கிறது.
நூல் கட்டி, நூலில் நட்டு தொங்கவிட்டு,
ஜாக்கியை ஏற்றி, இறக்கி,
நீலத் தாள்நாடாவைக் கிழித்து மறுபடி ஒட்டி...
"உன் மகளின் வகிடும் இப்படித்தான்
கோணலாக இருக்கிறது" என்றேன்.
ராத்கா திரும்பிப் பார்த்தாள்.
கண்ணை மூடிக்கொண்டு துளை போட்டுவிட்டாள்.

வெண்ணெய் போல இறங்கியது.
சுருள் சுருளாக மஞ்சள் விழுந்தது தரையில்.
அதன்பின் துளைகள்
வெட்கமில்லாமல் வரிசையாக வந்தன.

குறைந்த மூன்று போல்டுகளுக்கு
என் சமையலறை அலமாரியைக் கழற்றினேன்.
அந்தக் கதவு இனி சாத்தாது.
சாத்தாமலே கிடக்கட்டும், உள்ளே மாவுதான்.

பலகைக்கும் தரைக்கும் இடையே
கோஃபோலா டின் படுத்தால் நுழைகிறது,
நிமிர்ந்தால் முட்டுகிறது.

"இது என்ன செய்யும்?" என்றாள் வெந்துலா.
காற்றுக்கு வகிடு எடுக்கும்.
பாதி மேலே போகும், பாதி கீழே.
மேலே போவது காரைத் தரையோடு அழுத்தும்,
கீழே ஓடுவது காரை உறிஞ்சும்.
"எவ்வளவு அழுத்தும்?"
யோசித்தேன். "உன் எடை என்ன?"
முப்பத்தெட்டு.
"நூற்று நாற்பதில் போனால், நீ."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு
பலகையின் நுனியில் ஏறி நின்றாள்.
கம்பிகள் ஒரு முறை முனகின.
நாங்கள் இருவரும் தரையில் குப்புறக் கிடந்து
டார்ச் அடித்துப் பார்த்தோம்,
துளையை, வாஷரை, அவளுடைய
கட்டைவிரல் ஓட்டைக் காலுறையை.
அசையவில்லை.
"குதிக்கட்டுமா?"
வேண்டாம் என்று சொல்வதற்குள்
குதித்துவிட்டாள்.

ஞாயிறு காலை, கொட்டகை வாசற்படியிலேயே
கர்ரென்று முதல் கீறல்.
யாரோ கழற்றிப் போட்ட கதவு ஒன்றை
சரிவாக வைத்து இறக்கினோம்.

பந்தயத் தடத்தில் மூன்றாம் சுற்று.
இத்தனை நாளும்
ஸ்டியரிங்கைத் திருப்பினால்
மூக்கு மட்டும் வெளியே நழுவிப் போகும் வளைவு,
நான் வழக்கமாகக் கெட்ட வார்த்தை சொல்லும் இடம்.
நூற்று நாற்பது.
திருப்பினேன்.
முன்னால் யாரோ ஏறி நின்றார்கள்,
சப்பாத்து இல்லாமல்.
சக்கரம் சாலையைப் பற்றியது.
வாயில் வந்த வார்த்தை
பாதியில் நின்றது.

அடுத்த சுற்றில் ஆசை கூடி
ஓரக்கல்லைத் தொட்டேன்.
வலது முனையில் உள்ளங்கை அளவு சில்லு பறந்தது.
அது ராத்காவின் பாதி என்று
அவளே சொன்னாள்.

வேலியோரம் நின்றிருந்த வெந்துலா
உடைந்ததைக் கவனிக்கவே இல்லை.
"நான் இருந்தேனா? கனமாக இருந்தேனா?"

இருந்தாய்.
இன்னும் கொஞ்சம் சாப்பிடு.